உடுப்புப் படம்: மட்டக்களப்பிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கல்லடியில் இருக்கிறேன். என்ன உடுத்தேன், துணி எங்கே எடுத்தேன், தையற்கூலி எவ்வளவு என்று படத்தோடு எழுதி வருகிறேன். படம் எடுப்பது பெரும்பாலும் தம்பி. அவன் வகுப்புக்குப் போய்விட்டால் ஒரு ட்ரைபொட்டும் போனும்தான் துணை. எழுத்தைப் பற்றிக் கேட்கிறவர்களைவிடப் படத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள்தான் அதிகம். ஒரே பதிலைத் தட்டித் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே போட்டுவிடுகிறேன்.

உடுப்புப் படத்துக்கும் சாதாரணப் படத்துக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரணப் படத்தில் ஆள் தெரிந்தால் போதும். இதில் துணி தெரிய வேண்டும். சாறியைத் தொடாமலே அது பருத்தியா பட்டா, கஞ்சி போட்டதா, கரை எவ்வளவு அகலம் என்று பார்க்கிறவர் சொல்லிவிட்டால் அந்தப் படம் சரி. "படம் வடிவாக வரவில்லை அக்கா" என்று அனுப்புகிறவர்களின் படங்களில் முகம் வடிவாகத்தான் இருக்கும். உடுப்பைத்தான் காணோம்.

என்ன கமரா வாங்கலாம்?

வாங்க வேண்டாம். முதல் ஆறு மாதம் கையில் இருக்கிற போனே போதும். அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், பழைய கமரா ஒன்றும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் தேடுங்கள். எஃப் 1.8 அளவுள்ள (லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்கிற எண்; எண் குறையக் குறையத் திறப்பு அகலும், கூர்மையாகத் தெரிகிற ஆழம் குறையும்) அந்தச் சின்ன லென்ஸ்தான் அநேகமான கமரா நிறுவனங்களிடம் விலை குறைந்தது. ஆனால் வாங்கியவுடன் எல்லோரும் செய்கிற பிழை ஒன்று உண்டு: 1.8இலேயே வைத்துக்கொண்டு கிட்டப் போய் எடுப்பார்கள். கண் கூர்மையாக இருக்கும், சட்டையின் எம்ப்ராய்டரி கரைந்து போயிருக்கும். உடுப்புக்கு 2.8 அல்லது 4 வையுங்கள். நடந்து வருகிற படமென்றால் ஷட்டர் வேகம் 1/250 விநாடியைவிட மெதுவாகக் கூடாது.

வட்ட விளக்கு வாங்குகிற காசுக்கு நல்ல இஸ்திரிப் பெட்டி ஒன்று வாங்கலாம்.

எந்த நேரத்தில் எடுக்க வேண்டும்?

இந்த ஒரு பதிலை மட்டும் வாசித்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை.

நாங்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழே முக்கால் பாகையளவில் இருக்கிறோம். அதனால் சூரியன் வருடத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் தொடக்கத்திலும், நடுப்பகலில் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். ஏப்ரல் இரண்டாம் வாரம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். சித்திரைப் புதுவருடம். ஊரே மருத்துநீர் வைத்து, பஞ்சாங்கத்தில் சொன்ன நிறத்தில் புது உடுப்புப் போட்டு, கைவிசேடம் வாங்கி, மறுகா பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் வரிசையாக நின்று படம் எடுக்கும். வருடத்தின் மிகவும் வடிவான உடுப்பும் மிகவும் மோசமான வெளிச்சமும் ஒரே நாளில். கண் இரண்டும் குழியாகத் தெரியும், மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல் விழும், சாறியின் தோள் பக்கம் வெளிறிப்போய் கொசுவம் கறுத்துக் கிடக்கும்.

நல்ல நேரம் காலை ஆறரை முதல் எட்டு வரை, பின்னேரம் நாலரை முதல் சூரியன் மறையும் வரை. எங்கள் ஊரில் உதயமும் அஸ்தமனமும் வருடம் முழுக்க ஆறு மணியைச் சுற்றி இருபது இருபத்தைந்து நிமிடம்தான் முன்பின் ஆகும், நேரம் பிடிப்பது கஷ்டமில்லை. இரண்டில் நான் பின்னேரத்தைத்தான் எடுப்பேன். காலை ஆறரைக்குச் சாறி உடுத்து முடிக்க நாலரைக்கு எழும்ப வேண்டும், அவ்வளவு பக்தி எனக்கில்லை.

பகலில்தான் எடுக்க வேண்டும் என்றால் விறாந்தைக்கு வாருங்கள். கூரை நிழல் முடிகிற கோட்டுக்கு ஓரடி உள்ளே, முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பி நில்லுங்கள். வெயில் படுகிற மணல் கீழேயிருந்து வெளிச்சத்தை முகத்துக்கும் பாவாடைக்கும் திருப்பி அனுப்பும். ஸ்டூடியோவில் காசு கொடுத்து வாங்குகிற வெளிச்சம் இதுதான். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் டிவி வந்த பெட்டிக்குள் இருக்கும் ரெஜிபோம் தட்டை அந்தப் பக்கம் யாராவது பிடிக்கட்டும். மரநிழலை நம்ப வேண்டாம். இலை இடுக்கால் விழுகிற பொட்டுப் பொட்டான வெயில் எந்தத் துணியையும் புள்ளிச் சீத்தையாக்கிவிடும்.

கடற்கரையில் சூரியன் மறைகிற படம் எடுக்கப் போனோம், சரிவரவில்லை. ஏன்?

ஏனென்றால் எங்கள் கடல் கிழக்கில் இருக்கிறது! சூரியன் கடலில் விழுகிற படங்களெல்லாம் நீர்கொழும்பிலும் காலிமுகத்திடலிலும் எடுத்தவை. கல்லடியிலோ பாசிக்குடாவிலோ சூரியன் கடலில் உதிக்கும், கரைப் பக்கம் மறையும்.

இது நட்டமில்லை. பின்னேரம் நாலே முக்காலுக்குக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால், கரைப் பக்கத்துத் தாழ்ந்த வெயில் நேரே உங்கள் மேல் விழும். பின்னால் கடல் நீலமாகவே இருக்கும். அதே இடத்தில் காலையில் நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் வந்துவிடும். ஆள் கறுத்த நிழலுருவாகிவிடும், உடுப்பு போயே போய்விடும். சூரியன் மறைகிற வானம்தான் வேண்டுமென்றால் வாவிக்கரைக்குப் போங்கள்.

கடற்காற்றில் உப்பு இருக்கிறது. பத்து நிமிடத்தில் லென்ஸில் மெல்லிய படலம் படிந்து எல்லாப் படமும் மங்கும். ஒள்ளுப்பம் ஈரமான மெல்லிய துணியால் துடையுங்கள். முந்தானையால் துடைக்காதீர்கள், அதில் மணல் இருக்கும்.

மட்டக்களப்பில் எந்த இடங்கள் நல்லது?

பழைய கல்லடிப் பாலத்தை எல்லோரும் சொல்வார்கள். 1924இல் திறந்த இரும்புப் பாலம். புதுப்பாலம் 2013இல் வந்தபிறகு பழையதில் ஆறுதலாக நின்று எடுக்க முடிகிறது. இரும்புச் சட்டங்கள் இரண்டு பக்கமும் கோடாக ஓடிப்போய் ஆளிடம் கண்ணைக் கொண்டுவந்து விடும். ஆனால் வெயில் சாய்ந்து விழும்போது அதே சட்டங்களின் நிழல் உடுப்பின் மேல் குறுக்காக விழுந்து, இல்லாத கோடுகளையெல்லாம் துணியில் வரையும். கோடு போட்ட உடுப்பென்றால் பாலத்துக்கே போகாதீர்கள். முகிலான நாளோ சூரியன் மறைந்த பிறகு வரும் கால் மணிநேரமோ அங்கே சிறந்தது. வாவிக்குள் பாடுவதாகச் சொல்கிற பாடும் மீன் படத்தில் வராது, அதையும் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

புளியந்தீவுக் கோட்டை எனக்கு மிகவும் பிடித்த பின்னணி. போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அந்தக் கறுத்துச் சாம்பல் பூத்த சுவருக்கு முன்னால் மஞ்சளோ மாம்பழ நிறமோ உடுத்து நின்றால் வேறொன்றும் தேவையில்லை. அது தொல்லியல் சின்னம் என்பதை மறக்க வேண்டாம். முதலில் அங்கு நிற்பவரிடம் கேளுங்கள், சுவரில் ஏறாதீர்கள். 2019 ஜனவரியில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் அநுராதபுர மாவட்டத்துப் பழைய தாதுகோபம் ஒன்றின் மேல் ஏறி எடுத்த படத்தால் கைதானார்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று எடுப்பதும் அப்படித்தான். படம் வடிவா என்று பொலிஸ் பார்க்காது.

பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு இருக்கிறது. வெள்ளைக் கோபுரம், அடர்ந்த நிறங்களுக்கு நன்றாக இருக்கும். சம்மாந்துறைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் பெரும்போக வயல் பச்சையாக நிற்கிற டிசெம்பர், ஜனவரியில் போங்கள். ஆனால் வயலுக்கு நடுவில் இறங்கி நின்றால் பச்சை நிறம் நாடிக்குக் கீழேயும் வெள்ளைத் துணியிலும் ஏறும். வரம்பை விட்டு வண்டிப் பாதையில் நின்று, வயலைத் தூரப் பின்னணியாக வையுங்கள்.

நாவலடிப் பக்கம் நான் உடுப்புப் படம் எடுப்பதில்லை. 2004 சுனாமியில் அங்கே உயிர் போனவர்களின் பெயர்கள் எழுதியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று செருப்புக்கு எந்த நிறம் பொருந்துகிறது என்று பார்க்க எனக்கு மனம் வராது. மற்றவர்களுக்கு நான் சட்டம் போடவில்லை.

உண்மையைச் சொன்னால் என் படங்களில் பாதி எங்கள் வீட்டு மதிலுக்கு முன்னால் எடுத்தவை. அதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

போனில் எடுத்தால் கட்டையாகத் தெரிகிறேன். என்ன செய்வது?

எடுக்கிறவர் நின்றுகொண்டு தன் கண்மட்டத்திலிருந்து எடுக்கிறார், அதுதான் காரணம். தலை பெரிதாகும், கால் சுருங்கும். அவரை முட்டுக்காலில் இருக்கச் சொல்லுங்கள். போன் உங்கள் இடுப்பு மட்டத்தில், சரியாமல் நேராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கிட்ட நிற்பது. போனின் வழமையான லென்ஸ் அகலமானது, பழைய கமராக் கணக்கில் 24 முதல் 26 மில்லிமீற்றர். கிட்ட வந்தால் கமராவுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பெருப்பித்துக் காட்டும், ஓரத்தில் இருப்பதை இழுக்கும். போனின் ஸூமை 2 மடங்கில் வைத்து மூன்று மீற்றர், அதாவது பத்தடி தள்ளி நின்றால் முழு ஆளும் அளவாக வரும். 0.5இல் கீழேயிருந்து எடுத்துக் காலை நீட்டிக்காட்டுகிற வித்தையும் உண்டு. விளையாட்டுக்குச் சரி. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தி அதே பாவாடையை வாங்கினால் அவளுக்கு அது கணுக்காலில் நிற்குமா முழங்காலில் நிற்குமா என்று தெரியாது.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட்?

வேண்டாம். எது ஆள் எது பின்னணி என்பதை போன் கணக்குப் போட்டுத்தான் வெட்டுகிறது. முந்தானைக் குஞ்சம், மல்லிகைச் சரம், மெல்லிய ஷோல் ஓரம் எல்லாவற்றையும் அது பின்னணி என்று நினைத்துத் தின்றுவிடும். உண்மையாகவே மங்க வேண்டுமென்றால் மதிலிலிருந்து பத்தடி முன்னால் வந்து நில்லுங்கள்.

சிவப்புச் சாறி செம்மஞ்சளாக வருகிறது, கறுப்பு அபாயா சாம்பலாக வருகிறது. போன் பழுதா?

பழுதில்லை, அதற்குத் துணி தெரியாது. கமரா தன் முன்னால் இருக்கிற எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்து நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். கறுப்பு அபாயா திரையை நிரப்பினால், இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், கறுப்பு சாம்பலாகும். வெள்ளை வேட்டி நிரப்பினால் வெளிச்சம் கூடிவிட்டது என்று குறைக்கும், வேட்டி அழுக்காகத் தெரியும். அதனால் கறுப்புக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள், வெள்ளைக்கு ஒள்ளுப்பம் கூட்டுங்கள். திரையைத் தொட்டால் வருகிற சூரியக் குறியைக் கீழே மேலே இழுத்தால் போதும்.

கறுப்புக்கு இன்னொரு வேலை இருக்கிறது. காத்தான்குடித் தோழி ஒருத்தி, "எல்லா அபாயாவும் படத்தில் ஒரே மாதிரி இருக்கு, கைவேலைக்குக் கொடுத்த காசு வீணாப் போச்சு" என்று அலுத்துக்கொண்டாள். நேரே முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் கறுப்பில் ஒன்றும் தெரியாது. சன்னலுக்குப் பக்கவாட்டில் நிற்க வைத்தோம். கறுப்பு நூல் வேலையின் மேடு பள்ளம் எல்லாம் எழும்பி வந்துவிட்டது. மடிப்பு, சுருக்கு, நெளிந்த ஓரம், எல்லாவற்றையும் பக்க வெளிச்சம்தான் காட்டும்.

சிவப்பு வேறு கதை. பளீர்ச் சிவப்பில் கமராவின் சிவப்புப் பங்கு நிரம்பி வழிந்துவிடும், நிறம் செம்மஞ்சள் பக்கம் சாயும், பிறகு நெசவு, மடிப்பு ஒன்றும் இல்லாமல் தட்டையான சாயமாகக் கிடக்கும். எடுக்கும்போதே வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். கூறைச் சாறிப் படங்களில் இந்தப் பிழையை நான் நிறையவே பார்க்கிறேன். வீட்டுக்குள் எடுக்கும்போது டியூப் லைட்டையும் மஞ்சள் பல்ப்பையும் அணைத்துவிடுங்கள். சன்னல் வெளிச்சத்தோடு அவை கலந்தால் முகம் ஒரு நிறம், முந்தானை ஒரு நிறம்.

மருதமுனைக் கைத்தறி எடுத்தால் படத்தில் அலை அலையாக ஏதோ தெரிகிறதே?

நெசவின் நுண்ணிய கட்டமும் கமராவுக்குள் இருக்கிற புள்ளிக் கட்டமும் ஒன்றோடொன்று மோதும்போது வருவது. கட்டம் போட்ட சாரத்தில் அடிக்கடி வரும். இரண்டடி முன்னே பின்னே போங்கள், இல்லையென்றால் கொஞ்சம் சரித்து எடுங்கள், போய்விடும். துணியில் பிழையில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நெய்தவர் பார்த்தால் மனம் நோவார்.

கச்சான் காலத்தில் முந்தானையைப் பிடிக்கவே முடியவில்லை.

மே முதல் ஓகஸ்ட் வரை அந்த மேல்காற்று வரண்டு சுடச்சுட அடிக்கும், தெரிந்ததுதான். ஜோர்ஜெட், சிபொன் எல்லாவற்றையும் அந்த நாட்களில் அலுமாரியில் வையுங்கள். கஞ்சி போட்ட கைத்தறி நிற்கும். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தைக் கொடுத்தால் முடி பின்னால் போகும், உடுப்பு உடம்போடு ஒட்டும். முதுகைக் கொடுத்தால் முடி வாய்க்குள் வரும். முந்தானை நுனியில் உள்பக்கமாக இரண்டு ஊசி சேர்த்துக் குத்திவிட்டால் பாரத்துக்கு விழும். அம்மா அந்தக் காலத்தில் சின்னச் சல்லிக் காசு வைத்து மடித்துத் தைப்பா.

உடுத்து முடித்தபிறகு என்ன பார்க்க வேண்டும்?

கண்ணாடியை நம்பாதீர்கள், சும்மா ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். உள்பாவாடை கீழே எட்டிப் பார்க்கிறதா, பிளவுஸ் கைமடிப்பில் நூல் தொங்குகிறதா, கொசுவம் நடுவில் இருக்கிறதா, செருப்பில் விலை ஒட்டியிருக்கிறதா (எனக்கு நடந்தது, நாற்பது படத்திலும் இருந்தது). ஓட்டோவில் சாய்ந்து இருந்து போனால் இஸ்திரி போட்டதெல்லாம் வீண். முன்னுக்கு வந்து நிமிர்ந்து இருங்கள். வியர்வை சாம்பல் நிறத்திலும் வான நீலத்திலும் அப்பட்டமாகத் தெரியும், வெள்ளையிலும் கடும் நீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது.

கையை என்ன செய்வது?

எதையாவது பிடியுங்கள். பை, குடை, பாவாடை ஓரம், முந்தானை நுனி. நடந்து வாருங்கள், ஆனால் கடைக்குப் போகிற வேகத்தில் பாதி.

படம் எடுத்துத்தர ஆள் இல்லை. இருக்கிறவருக்கும் பொறுமை இல்லை.

தம்பியைப் பழக்க எனக்கு ஒரு வருடம் சென்றது. "வடிவா எடு" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "தலைக்கு மேலே ஒரு சாண் விடு, செருப்பை வெட்டாதே, போனைச் சரிக்காதே" என்று மூன்றே மூன்று சொல்லுங்கள். முதலில் அவரை நிற்க வைத்து நீங்கள் ஒரு படம் எடுத்துக்காட்டி, இதே மாதிரி என்று சொன்னால் இன்னும் நல்லது. இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், பிறகு ஒரு பலூடா வாங்கிக்கொடுங்கள்.

தனியாக என்றால் ட்ரைபொட்டில் போனை வைத்து, நிற்க வேண்டிய இடத்தில் ஒரு செருப்பைப் போட்டு அதில் கூர்மையை (ஃபோகஸை) பூட்டுங்கள். பத்து விநாடி டைமரில் ஓடிப்போய் நிற்பதைவிட, வீடியோவாக எடுத்து அதிலிருந்து பிரிப்பது சுகம் என்பார்கள். நான் செய்து பார்த்தேன், துணியின் நுணுக்கம் போய்விடுகிறது. டைமரே மேல்.

ஊர் என்ன சொல்லும்? படத்தை யாராவது எடுத்துப் பாவித்தால்?

ஊர் சொல்லும். முதல் மாதத்தில் மாமி ஒருவர் அம்மாவுக்குப் போன் எடுத்து, "புள்ளைக்குக் கல்யாணம் பேசுற வயசெல்லுவா" என்று தொடங்கினா. இப்போது அவவே பிளவுஸ் கழுத்துக்கு மாதிரி கேட்கிறா. எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவராவது உங்கள் பக்கம் நின்றால் தொடங்குங்கள்.

முகம் காட்டாமலும் செய்யலாம், நன்றாகவே செய்யலாம். நாடிக்குக் கீழே வெட்டிய படம், முதுகுப் பக்கம், குடை மறைத்தது, ஹேங்கரில் தொங்கவிட்டது. துணி பேசுகிற படத்துக்கு முகம் கட்டாயமில்லை.

வீட்டு வாசல், ஸ்கூட்டி இலக்கம், பள்ளிக்கூடச் சின்னம் மூன்றும் படத்தில் வேண்டாம். இடத்தின் பெயரை அங்கிருந்து வந்தபிறகு போடுங்கள். படத்தைத் திருடிப் போலிக் கணக்கு தொடங்கினால், அழிக்கச் சொல்லிச் சண்டை போடுவதற்கு முன்பு திகதியும் முகவரியும் தெரிகிற மாதிரித் திரையைப் படம் பிடித்து வையுங்கள். பிறகு பொலிஸுக்குப் போகலாம், மகளிர் உதவி இலக்கம் 1938க்கும் எடுக்கலாம். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

படத்தை எவ்வளவு திருத்தலாம்?

ஸ்னாப்சீட்டோ லைட்ரூமோ, எதுவும் சரி. உடுப்பைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து நிறம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், ஒத்துப்போனதும் நிறுத்துங்கள். தோலை வெளுப்பாக்குகிற ஃபில்டரை நான் தொடவே மாட்டேன். கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் நிறத்தில் இந்த மஞ்சள் எப்படி நிற்கும் என்று பார்க்கத்தானே இத்தனை பேர் வருகிறார்கள்?

கடைகள் உடுப்புச் சும்மா தருமா?

சில நேரம். தந்தால் தந்தது என்று முதல் வரியில் எழுதுகிறேன். ஒருமுறை தந்த சட்டை முதல் கழுவலில் சாயம் விட்டது, அதையும் எழுதினேன். அந்தக் கடை பிறகு கூப்பிடவில்லை.

இதெல்லாம் யார் தொடங்கியது?

தெருவில் போகிறவர்களின் உடுப்பைப் படமெடுப்பதை நியூயோர்க்கில் பில் கனிங்ஹாம் என்ற பத்திரிகைப் படப்பிடிப்பாளர் பல பத்தாண்டு செய்தார். நீல வேலைச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் திரிவார், 2016இல் இறந்தார். இணையத்தில் 2005இல் ஸ்கொட் ஷூமன் அதையே செய்தார். தன்னைத் தானே உடுத்திக் காட்டுகிறவர்கள் அதே காலத்தில் வந்தார்கள். 2008இல் உடுப்பு வலைப்பதிவு தொடங்கிய அமெரிக்கச் சிறுமி டாவி கெவின்சனுக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட இல்லை. 2010இல் இன்ஸ்டகிராம் வந்தபிறகு எழுத்து சுருங்கிப் படம் மட்டும் மிஞ்சியது. எனக்கு அதில் வருத்தம். அகலம், விலை, சாயம் விடுமா, யாரிடம் தைத்தது என்பதெல்லாம் எழுத்தில்தான் வரும்.

ஆனால் எங்கள் அம்மம்மாவிடம் ஒரு படம் இருக்கிறது. ஸ்டூடியோவில் மலையும் அருவியும் வரைந்த திரைக்கு முன்னால், புதுச் சாறியின் கரை தெரிய முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறா.

உங்கள் தம்பி எங்களுக்கும் படம் எடுத்துத்தருவாரா?

கேட்டுப் பார்த்தேன். ஏ.எல். சோதனை முடியட்டும் என்கிறான். பலூடா கணக்கும் கூடும் போல இருக்கிறது.